எந்தக் கூண்டுக்கு எந்தத் தண்ணி

ரெஜி மேடம் போன் பண்ணி, "சேச்சி, வேலைக்குப் புதிய பிள்ளைக வந்திருக்காங்க, ரெண்டு வார்த்த பறஞ்சு குடுக்கணும்"னாவ. ரெஜி மேடம்னு சொல்லது உங்களுக்காக. எனக்கு அவ ரெஜி மோளுதான். வந்த மொத நாளே எலி கடிச்சு, இதுக்கு விஷம் உண்டா சேச்சின்னு அழுதுக்கிட்டு வந்தா. உண்டு மோளே, ஆனா படிச்சவங்களுக்கு மட்டும்தான் ஏறும்னு சொன்னேன். மத்தியானம் வரைக்கும் நம்பிக்கிட்டு இருந்தா. இன்னைக்கு இந்த டிப்பார்ட்மென்டே அவளுக்க கையில. சிரிக்காதீங்க, பின்னாலதான் நிக்கா.

நான் பள்ளிக்கூடத்துல இருந்ததவிட பள்ளிக்கூடத்து மாமரத்துல இருந்த நேரம் ஜாஸ்தி. நாகர்கோவில் பக்கம் எங்க ஊரு. கல்யாணம் கழிஞ்சு திருவனந்தபுரம் வந்தேன். எனக்க வீட்டுக்காரரு தம்பானூர்ல ஒரு ஓட்டல்ல டீ மாஸ்டரு. அவரு போன பொறவு அங்கேயே ஒரு லாட்ஜுல துணி அலசுனேன். பொறவு இங்க, மருந்து சோதிச்சுப் பாக்க எலி வளக்க ரூமுக்கு வந்தேன். வேல ஒண்ணும் மாறல. அங்க மனுசன் படுத்தத அலசுனேன், இங்க எலி படுத்தத. எலி சுத்தம்.

கூண்டு கழுவதும் மரத்தூள் மாத்துறதும் நான் சொல்லித்தர வரல. அது உங்க கையே படிச்சுக்கிடும். கை படிக்காத ஒண்ணு இருக்கு. அதுக்குத்தான் இந்தக் கெழவிய ஆட்டோ புடிச்சு வரவழைச்சிருக்கா.

வராந்தாவுல மால போட்டு ஒரு படம் இருக்குல்லா, கண்ணாடி போட்ட அம்மா, அவியதான் எங்க டாக்டரம்மா. பேரு கீழ எழுதியிருக்கு, நீங்களே வாசிச்சுக்கிடுங்க. நான் அவிய பேர ஒரு நாளும் சொன்னதில்ல, இன்னைக்கும் சொல்லமாட்டேன். ஸ்ரீவராகத்துல அக்கிரகாரத்து வீட்டுப் பொண்ணு. கல்யாணம் கழிக்கல. வீட்ல வயசான அம்மா மட்டும்.

அவிய செஞ்ச வேலைய எனக்கு எப்பிடிச் சொல்லித்தந்தாவளோ அப்பிடியே சொல்லுதேன். "முருங்கைக்காய் முத்தினா நாரா ஆயிடறதோன்னோ பாக்கியம்? சில பேருக்கு நுரையீரலும் அப்படித்தான் நார் பாஞ்சுடும். மூச்சு உள்ளே போக இடமிருக்காது." ஏன் நாரு பாயுதுன்னா, காயம் இல்லாத எடத்துல ஒடம்பு தழும்பு போட்டுக்கிட்டே போகுது. சில பேருக்கு அவங்கவங்க ஒடம்பே அவங்களச் சண்டைக்கு இழுக்குது. வீட்டு நாயி வீட்டுக்காரனக் கடிக்க மாதிரி. அந்த நாயக் கட்டிப்போடது எப்பிடி, பாஞ்ச நாரத் தளத்துறது எப்பிடி, இதுதான் அவியளுக்க வேல.

எலிகள ரெண்டு கூட்டமா பிரிப்போம். ஒரு கூட்டத்துக்கு மருந்து கலந்த தண்ணி, இன்னொண்ணுக்கு வெறுந்தண்ணி. எந்தக் கூண்டுக்கு எந்தத் தண்ணின்னு எலிய அளந்து பாக்கவங்களுக்குத் தெரியக்கூடாது. டாக்டரம்மாவுக்கும் தெரியக்கூடாது. தெரிஞ்சா கண்ணு பொய் சொல்லும்பாவ. வேற டிப்பார்ட்மென்ட்ல இருந்து பொட்டலம் கட்டி வரும், நான் கலக்கி குப்பியில ஊத்தி கூண்டுல மாட்டுவேன். ஆபீஸ் பீரோவுல சீல் வச்ச கவர் ஒண்ணு இருக்கும், அதத் தொறந்தா ஊரறியும். மத்தபடி இந்த டிப்பார்ட்மென்ட்ல தெரிஞ்ச ஆளு நான் ஒருத்திதான்.

இவ்வளவு படிச்ச ஆளுக இருக்கையில என்ன எதுக்குப் பிடிச்சாவன்னு நெனைப்பீங்க. நானும் கேட்டேன்.

"நீங்க சொல்ற எதையும் இங்கே யாரும் நம்பறதில்லே பாக்கியம். அதனாலதான்"னாவ.

உள்ளதுதான். மாடியில புலி வளக்கோம்னு நான் சொல்லி ஒரு ஆட்டோக்காரன் இப்பவும் இந்த கேட்டுக்குள்ள வரமாட்டான். எந்தக் கூண்டுல மருந்துன்னு நான் மைக்கு வச்சுச் சொன்னாலும் ஒருத்தன் எழுதி எடுக்கமாட்டான். ஆனா ஒண்ணு. நான் சொல்லது பொய்யா நெசமான்னு எனக்க மொகத்தப் பாத்துக் கண்டுபிடிக்க ஒரு ஆளு உண்டு. அது அவிய. என்ன கத அளந்தாலும் கண்ணாடிக்கு மேல பாப்பாவ, "போறும்"பாவ. அவ்வளவுதான்.

"நானே வந்து கேட்டாலும் சொல்லப்படாது"ன்னு மொத நாளே சொல்லிட்டாவ.

"நீங்க எதுக்கும்மா கேக்கப் போறீங்க?"

"கேக்க மாட்டேன். கேட்டா."

இது வெளையாட்டில்லன்னு எனக்கு வெளங்குனது ஒரு கால்வீக்கத்துல. எலிக்கு மூட்டுல வீக்கம் வரவச்சு, அதுக்கு ஒரு மருந்து பாத்தோம். இதும் அந்த வீட்டு நாயி கடிக்க நோவுதான். அளக்கதுக்கு ஒரு ரிசர்ச் சாரு இருந்தாரு. நல்லவரு, அடக்கமான ஆளு. அவரு ஒரு காரியத்தக் கவனிச்சாரு. மருந்து குடிச்ச எலிக்கு மூத்திரம் மஞ்சளா வந்து மரத்தூள்ல கற புடிச்சிருந்துச்சு. யாருகிட்டயும் சொல்லல. அவருக்குத் தெரிஞ்சுபோச்சு, அவ்வளவுதான். கற உள்ள கூண்டுல வீக்கம் வத்த ஆரம்பிச்சுச்சு. அளக்க அளக்க வத்துச்சு. ஆளு பாட்டு பாடிக்கிட்டே அளப்பாரு.

ஒரு நாளு டீ குடிக்கையில டாக்டரம்மா சும்மா கேட்டாவ, "எந்தெந்தக் கூண்டு நன்னா இருக்கு?" அவரு யோசிக்காம கைய நீட்டி இது, இது, அதுன்னாரு. ஒண்ணு விடாம மருந்துக் கூண்டு. டாக்டரம்மா எனக்க மொகத்தப் பாத்தாவ. நான் டீய ஊதிக்கிட்டு இருந்தேன். ஊதி என்னத்துக்கு? பாத்துட்டாவ.

எல்லாத்தையும் நிப்பாட்டச் சொன்னாவ.

"மேடம், மருந்து நல்லதுதானே! வீக்கம் குறஞ்சல்லோ!"ன்னு அவரு கெஞ்சுனாரு.

"குறைஞ்சிருக்கலாம். இனிமே அது யாருக்கும் தெரியாது. நீங்க அளந்தது வீக்கத்தை இல்லே, உங்க ஆசையை."

அத்தன எலியும் சும்மா போச்சு. அதுக உசிர எடுத்தப்போ கூடமாட நின்னது நான்தான். அதுக பட்ட நோவு ஒருத்தருக்கும் ஒதவல. அந்த சாரு மேல எனக்குக் கோவம் வரல. அவரு திருடல, கள்ளக்கணக்கு எழுதல. நல்லது நடக்கணும்னு ஆசப்பட்டாரு. இந்த ரூமுக்குள்ள அதுவே போதும் கெடுக்க. அந்த எலிகள வாரிக் கட்டுனப்போ எனக்க நாக்குலயும் ஒரு முடிச்சு விழுந்துச்சு.

பொறவுதான் டாக்டரம்மாவுக்கே வந்துச்சு.

நான் மொதல்ல கண்டது வெரல. ஏசி ரூம்ல நிக்கையில வெரலு நுனி சுண்ணாம்பு மாதிரி வெளுக்கும், பொறவு நீலமாகும். பைய, கையத் தோலு இறுக்க ஆரம்பிச்சுது. குப்பி மூடி திருக முடியாம, "பாக்கியம், இதைத் தொறங்கோ"ன்னு நீட்டுவாவ. வாயி சின்னதாச்சு, மூக்கு கூராச்சு. மாடி ஏறையில பாதியில நின்னு போன எடுத்துப் பாப்பாவ. போன்ல ஒண்ணும் வந்திருக்காது. மூச்சு வாங்கதுக்கு ஒரு சாக்கு. நான் பின்னாலேயே ஏறுவேன். நானும் நின்னு, எங்கிட்ட போன் இல்லாததுனால, சொவரப் பாப்பேன்.

"என்னத்தப் பாக்கறேள்?"

"பல்லி நம்பரு மாத்திருக்காம்மா, அதப் பாக்கேன்."

சிரிப்பாவ. அந்த நேரம் அவியளுக்குச் சிரிக்கவும் மூச்சு இருந்துச்சு.

எந்த நோவுக்கு மருந்து தேடுனாவளோ அதே நோவு. ஒடம்பே ஒடம்பக் கடிக்கது. தோலுல நாரு, நுரையீரல்ல நாரு. அவிய ஒரு நாளும் அதச் சொல்லி அழல. ஸ்கேன் படத்தக் கொண்டாந்து வெளிச்சத்துல பிடிச்சு ரெஜிகிட்ட காட்டி, "பாரு, அடியிலே ரெண்டு பக்கமும் எப்படிப் பாஞ்சிருக்கு"ன்னு பாடம் எடுத்தாவ. யாருக்க படம் மேடம்னு ரெஜி கேட்டா. "எனக்கு வேண்டப்பட்டவா"ன்னாவ.

அப்போ எங்க கையில ஒரு மருந்து இருந்துச்சு. புதுசு ஒண்ணுமில்ல, வேற நோவுக்குக் கடையில விக்க மாத்திரதான். நாரு பாஞ்ச எலிக்கு அதக் குடுத்து, கவர மூடிவச்சு, அளந்து, தொறந்தும் பாத்தாச்சு. நாரு தளருது. நெசமாவே தளருது. டிப்பார்ட்மென்டே லட்டு வாங்கித் தின்னுச்சு. ரெஜி டாக்டரம்மா கையப் பிடிச்சுக்கிட்டு, "மேடம், இனி மேடம் கழிக்கணும், இன்னே தொடங்கணும்"னா. இன்னைக்கே மாத்திரைய சாப்பிட ஆரம்பிங்கன்னு.

டாக்டரம்மா ஆரம்பிக்கல. அவியளுக்கு முன்னாடி மாருல ஒரு கேன்சர் கட்டி வந்து ஆபரேசன் செஞ்சு எடுத்திருந்தாவ. கட்டியச் சுத்தியும் நாரு உண்டு பாத்துக்கிடுங்க. அந்த நாரு கட்டிய வெளிய விடாம நிக்க வேலியா, இல்ல கட்டி படந்து ஏற ஒரு பாவக்காப் பந்தலா? ஒருத்தருக்கும் தெரியாது. வேலின்னா, மருந்து குடிச்சு நாரு தளந்தா மூச்சு வரும், கூடவே உள்ள ஒளிஞ்சு கெடக்கது எதுவும் வெளிய வந்திரும். மூச்சுக்குத் தின்ன மாத்திர கட்டிக்குக் கதவு தொறந்து விட்டிரும்.

அதப் பாக்கத்தான் புதுசா ஒரு எலிக்கூட்டம். நாரும் கட்டியும் ரெண்டும் உள்ள எலி. பாதிக்கு மருந்து, பாதிக்கு வெறுந்தண்ணி. அளக்கது ரெஜி. தண்ணி நான். டாக்டரம்மாவுக்கு இது டிப்பார்ட்மென்ட் வேல மட்டுமில்ல. அவிய அந்த மாத்திரையத் தொடலாமா வேண்டாமான்னு சொல்லப்போறது இந்த எலிகதான். அதனால இத அவசரப்படுத்த முடியாதுன்னும் அவியதான் சொன்னாவ.

ஆனா நுரையீரலு காத்துக்கிட்டு நிக்காதுல்லா.

அம்மனுக்குப் பொங்கல் வைக்க பொங்காலை நாளு வந்துச்சு. உங்களுக்குச் சொல்லவேண்டாம், அன்னைக்கு இந்த ஊருல ரோடு தெரியாது, அடுப்புதான் தெரியும். வீட்டு முத்தம், பஸ் ஸ்டாண்டு, ரயில்வே ஸ்டேஷன் வாசல் எல்லாம் செங்கல்லு கூட்டி பொம்பளைக பானை வச்சிருப்பாவ. அடுப்பு பத்துனா ஊரு பூரா பொக. நானும் வருசா வருசம் வைப்பேன். அந்த வருசம் எலிக்குத் தண்ணி மாத்த வேற ஆளில்ல. ஊரு அம்மனுக்கு வைக்கட்டும், நான் எலிக்கு வைக்கேன்னு விடியக்காலத்துலயே நடந்து வந்தேன்.

வந்தா, டாக்டரம்மா முன்னாடியே வந்து இருக்காவ.

எலி ரூமுக்கு வர காத்து மெசினுல வடிகட்டி வருதுல்லா, பொக பொடி ஒண்ணும் ஏறாது. அன்னைக்கு திருவனந்தபுரத்துல அவிய மூச்சு விடக்கூடிய எடம் அது ஒண்ணுதான். ஸ்ரீவராகத்துல தெரு பூரா அடுப்பு. ஜன்னல அடச்சா மட்டும் பொக நிக்குமா? அம்மாவ வலியசாலையில சொந்தக்காரங்க வீட்ல விட்டுட்டு, இருட்டோட டாக்ஸி புடிச்சு வந்திருக்காவ.

"எலிக்குக் கிடைக்கற காத்து எனக்குக் கிடைக்கலே பாருங்கோ"ன்னு சிரிச்சாவ.

நானும் சிரிச்சுக்கிட்டு குப்பி மாட்ட ஆரம்பிச்சேன். அவிய ஸ்டூல்ல இருந்துக்கிட்டு ஒவ்வொரு கூண்டாப் பாத்தாவ. வெளிய ஏதோ ஸ்பீக்கர்ல பாட்டு. பொறவு சொன்னாவ:

"சிலதுக்குக் கட்டி பெரிசா இருக்கு. சிலதுக்குச் சின்னதா இருக்கு."

"ம்."

"பெரிசா இருக்கறது எல்லாம் எந்தத் தண்ணி பாக்கியம்?"

நான் குப்பிய மாட்டிட்டு நின்னேன். அவிய மேல பாக்கல. கூண்டத்தான் பாத்துக்கிட்டு கேட்டாவ.

மக்களே, எனக்குத் தெரியும். அன்னைக்குத் தேதிக்கு பெரிய கட்டியெல்லாம் முக்காவாசி வெறுந்தண்ணிப் பக்கம். மருந்துப் பக்கம் சின்னது. மூச்சும் நல்லா விடுதுக. எனக்க நாக்கு நுனியில வந்து நிக்கு, தின்னுங்கம்மா, இன்னைக்கே தின்னுங்க, ஒண்ணும் செய்யாதுன்னு. ஒரு வார்த்த. கெட்ட சேதி சொல்லாம இருக்கது பாடில்ல. நல்ல சேதிய அமுக்கிக்கிட்டு நிக்கதுதான் பாடு.

அவிய இப்போ தலையத் தூக்குவாவ, எனக்க மொகத்தப் பாப்பாவ. பாத்தா போதும். அந்தக் கால்வீக்க எலிக கணக்கா இதுகளும் சும்மா போகும். நான் சட்டுனு திரும்பி அலமாரியப் பாத்து நின்னேன்.

"பாக்கியம், திரும்புங்கோ."

"மாட்டேன்."

"நான் சொல்றேன், திரும்புங்கோ."

"நீங்க சொல்லித்தாம்மா திரும்பாம நிக்கேன்."

ஸ்டூலு கிரீச்சுங்குது. எழுந்திருச்சுட்டாவன்னு தெரிஞ்சுது. பக்கத்துல வரல. நின்ன எடத்துலயே பேசுனாவ. அவ்வளவு நேரம் சேந்தாப்ல அவிய பேசி நான் கேட்டதில்ல.

"அளக்கறது ரெஜி. அவளுக்குத் தெரியவேண்டாம். எனக்கு மட்டும் தெரிஞ்சா என்ன குடி முழுகிடும்? நான் யார்கிட்டயும் மூச்சு விடமாட்டேன். மூச்சு இருந்தாத்தானே விடறதுக்கு. மாத்திரை கடையிலே இருக்கு, சீட்டு எழுதிக்க எனக்குத் தெரியும். சாப்பிடலாமா கூடாதா, அவ்வளவுதான் கேக்கறேன். வாயைத் திறக்கவேண்டாம், தலையை ஆட்டினாப் போறும். எங்கம்மாவுக்கு எண்பது தாண்டியாச்சு பாக்கியம். அவளுக்கு முன்னாடி நான் போப்படாது. நான் கேக்கறது தப்பா?"

தப்புன்னு எப்பிடிச் சொல்லுவேன்? நான் அலமாரிக் கம்பியப் பிடிச்சுக்கிட்டேன்.

"வெளையாட்டுக்காவது ஏதாவது சொல்லுங்கோளேன்."

அதுதான் எனக்கு முடியல. ஒரு தமாசு சொன்னாலும் அவிய அதுக்குள்ள இருக்க நெசத்த எடுத்துருவாவ. இவ்வளவு காலமா வாய வச்சுப் பொழச்ச எனக்கு அன்னைக்கு வாயே ஆகாத சாமானாப் போச்சு. அதோட, எனக்குத் தெரிஞ்சது பாதி. எலி இன்னும் உசிரோட இருக்கு, கட்டி இன்னும் வளருது. பாதி கதைய முழுசுன்னு சொல்லி அவிய உசிர அதுமேல ஏத்தணுமா? முழுசே தெரிஞ்சிருந்தாலும் சொல்லியிருப்பேனான்னு கேக்காதீங்க. எனக்குத் தெரியாது.

வெளிய பொம்பளைக குரவை போட்ட சத்தம் பைய கேட்டுச்சு. அடுப்பு பத்தியாச்சுன்னு அர்த்தம்.

இதுல ஒரு பாடு என்னன்னா, சண்ட போட்டுட்டு வெளிய போக அவியளுக்கு எடமில்ல. வெளிய பொக. எலிக்குத் தண்ணி பாதி மாத்தியாச்சு, பாதி கெடக்கு, நானும் போக முடியாது. ரெண்டு பேரும் சாயங்காலம் வரைக்கும் ஒரே எடத்துல. நான் மொகத்தக் காட்டாமலே வேல பாத்தேன், நண்டு நடக்க மாதிரி. மத்தியானம் வெளி அறையில புளிச்சோறு பொதியப் பிரிச்சு, பாதிய எலையோட பின்பக்கமா கைய நீட்டிக் குடுத்தேன். கொஞ்ச நேரம் எலை எனக்க கையிலேயே இருந்துச்சு. பொறவு வாங்கிட்டாவ. வாயி தொறக்காததுனால ஒவ்வொரு பருக்கையா எடுத்துத் தின்ன சத்தம் கேட்டுச்சு. நான் சொவரப் பாத்துத் தின்னேன். அழுதா அவியளுக்குத் தெரியும்னு அழவும் இல்ல.

பொக அடங்குன பொறவு போனாவ. போயிட்டு வரேன்னு சொல்லல.

அதுக்குப் பொறவு வாரக்கணக்கா எங்கிட்ட வேலப் பேச்சு மட்டும்தான். "தண்ணி மாத்தியாச்சா?" "ஆச்சு." அவ்வளவு. பல்லியெல்லாம் அதுக பாட்டுக்கு நம்பரு மாத்திக்கிட்டு இருந்துச்சு. இதுக்கெடையில எலிக்கூட்டத்துல மருந்துப் பக்கம் கட்டி பெருசாக ஆரம்பிச்சுது. நல்லவேள சொல்லலன்னு ஒரு நெனப்பு. அப்பிடியொரு நெனப்பு வந்ததுக்கே வெக்கம். சீட்டுக்கட்டு மாதிரி, ஒரு நாளு இந்தப் பக்கம் ஜெயிக்கும், மறுநாளு அந்தப் பக்கம்.

தொறக்கிற நாளு அவிய மூக்குல ஆக்சிசன் டியூபோட வந்தாவ. சின்ன மெசினு ஒண்ணு தோளுல தொங்குது. ஆபீஸ் சாரு கவரப் பிரிச்சாரு, ரெஜி ஒவ்வொண்ணா ஒத்துப்பாத்தா. ரொம்ப நேரமாச்சு. பொறவு தலையத் தூக்கி, "மேடம், வியத்தியாசம் இல்லா"ன்னா.

ரெண்டு பக்கமும் ஒண்ணுபோலத்தான். நாரு தளந்துச்சு, கட்டி அதுபாட்டுக்கு வளந்துச்சு. மருந்தால கூடவும் இல்ல, கொறயவும் இல்ல. பொங்காலைக்கு நான் பாத்ததும் பொய், பொறவு பயந்ததும் பொய்.

"இந்தக் கட்டியிலே, இந்த எலியிலே வித்தியாசம் இல்லே. அப்படி எழுது"ன்னாவ டாக்டரம்மா. பொறவு எல்லாரும் இருக்கையில சொன்னாவ: "நடுவிலே ஒரு நாள் நான் பாக்கியத்துகிட்டே போய், எது மருந்துன்னு கேட்டேன். அவ சொல்லலே. அதையும் எழுதிக்கோ."

ரெஜி பேனாவ வச்சுட்டா. "எழுதணுமா மேடம்?"

"எழுது. நாளைக்கு இதை நம்பி ஒருத்தர் மாத்திரை சாப்பிடப் போறா. அவாளுக்குத் தெரியணும்."

அவிய போன பொறவு ரெஜி என்ன வராந்தாவுல நிறுத்தி, எனக்க கையப் பிடிச்சு உலுக்குனா. "சேச்சிக்கு ஒரு வாக்கு பறயாமாயிருந்நு! அப்போழே தொடங்கியிருந்நெங்கில்..." ஒரு வார்த்த சொல்லியிருந்தா அப்பவே ஆரம்பிச்சிருப்பாங்களேன்னு. அவ கைய விடல. ரெண்டு பேரும் அப்பிடியே நின்னோம்.

டாக்டரம்மா அந்த வாரமே மாத்திர ஆரம்பிச்சாவ. கொஞ்சம் கேட்டுச்சு. ஆனா பாஞ்ச நாரு பாஞ்சதுதான், இனி பாயாம வேணும்னா பிடிச்சு நிறுத்தும்னாவ. நிறுத்தது வரைக்கும் நிறுத்துச்சு. இப்போ அதே மாத்திரைய ரெஜி மனுசங்களுக்குக் குடுத்துப் பாக்கா, மூடிவச்சுத்தான். ஓபியில வரிசையில நிக்காவள்லா, தொப்பி போட்டு, கையொற போட்டு, வெரலு நீலமா? அவியதான். யாருக்கு மருந்து, யாருக்கு வெறும் மாத்திரன்னு உங்கள்ல ஒருத்தருக்குத் தெரிஞ்சிருக்கும். அது யாருன்னு நான் கேக்கல.

ஆனா வேற யாராச்சும் வந்து கேப்பாவ. அதுக்குத்தான் இத்தனையும் சொன்னேன். கேக்க வாறது கள்ளன்னா கஷ்டமே இல்ல, சிரிச்சு அனுப்பிரலாம். வாறது நல்ல ஆளா இருக்கும். உங்களுக்குச் சோறு போட்ட ஆளா இருக்கும். கேக்கதும் ஞாயமா இருக்கும். நீங்க சொல்லாம இருந்தது சரின்னு பொறவு எல்லாரும் ஒத்துக்கிட்டாலும் அது ஒங்களுக்கு ஒரு ஆறுதலும் தராது. ஆறுதல் கெடைக்கும்னு நெனச்சு இந்த வேலைக்கு வராதீங்க.

நான் ரிட்டயர் ஆன பொறவு ஒரு நாளு ஸ்ரீவராகத்துக்குப் போனேன். அவிய அம்மாதான் கதவத் தொறந்தாவ. டாக்டரம்மா ஜன்னலோரம் சாஞ்சிருந்தாவ, பக்கத்துல பெரிய மெசினு. மெலிஞ்சுட்டாவ, கண்ணு மட்டும் பழைய கண்ணு. பேசுறதுக்கு நடுவுல மூச்சுக்கு எடம் விட்டு விட்டுப் பேசுனாவ. எலிக்கெல்லாம் சௌக்கியமான்னு கேட்டாவ. உங்கள விசாரிச்சுதுகன்னேன்.

"அம்மா, ஒண்ணு கேக்கட்டா?"

"கேளுங்கோ. நான் திரும்பிக்க மாட்டேன்."

"அன்னைக்கு நான் சொல்லியிருக்கணுமாம்மா?"

ஜன்னலுக்கு வெளிய பாத்தாவ. தெருவுல யாரோ சைக்கிள்ல போனாவ. அது தாண்டிப் போற வரைக்கும் பாத்துட்டு எனக்க பக்கம் திரும்புனாவ.

"சொல்லியிருந்தா, அன்னிக்கே சாப்பிட்டிருப்பேன்."

"ம்."

"ஒருவேளை, இப்போ மாடி ஏறிண்டிருப்பேன்."

"ம்."

"சாப்பிட்டுட்டு, மறுநாள் காலம்பற முதல் காரியமா, உங்களை வேலையை விட்டு அனுப்பியிருப்பேன்."

நான் வாய அடக்கியிருக்கலாம். அடக்க முடியல. "மருந்துச் சீட்டு எழுதின கையாலேயேவாம்மா?"ன்னேன்.

சிரிச்சுட்டாவ. பழைய சிரிப்பு, மாடிப்படிச் சிரிப்பு. சிரிப்பு வந்துட்டு, மூச்சு வரல. மெசினு கூவ ஆரம்பிச்சுது. ஒதடு நீலமாப் போச்சு. அவிய அம்மா அடுக்களையில இருந்து ஓடி வந்து முதுகத் தடவிக்கிட்டே, "என்னடீம்மா சொன்னே எம் பொண்ணுகிட்டே?"ன்னு என்னக் கேட்டாவ. டாக்டரம்மா கையத் தூக்கி, அவளை ஒண்ணும் சொல்லாதேன்னு காட்டுனாவ. அப்பவும் கண்ணு சிரிச்சுக்கிட்டுத்தான் இருந்துச்சு. மூச்சு வந்து சேர ரொம்ப நேரமாச்சு.

அதுக்குப் பொறவும் அடிக்கடி போனேன். போயி பக்கத்துல இருப்பேன். தமாசு ஒண்ணும் சொல்லல.